டுவால் வீட்டு இனிஷியல்கள்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கட்டுரை என்றாலே பத்தாம் வகுப்பில் வாங்கிய அடி ஞாபகம் வரும். ஆனால் இந்த அமெரிக்க ஊரில் மருந்துக்கடையில்கூட "லாஸ்ட் நேம்?" என்றுதான் கேட்கிறார்கள். செல்வராஜ் என்பேன். இருமல் எனக்கு, அவர்கள் கூப்பிடுவது என் அப்பாவை.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் பேஸ்மென்டில் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஹென்றி டுவால். வயது எண்பத்து நான்கு. மதத்துக்காகப் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட ஹியூகனாட் கிறிஸ்தவர்களின் வம்சம். அந்த வம்சத்தாருக்கென்று ஒரு சங்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானப் பதிவைக் காட்டினால்தான் சேர்ப்பார்கள், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கிழவருக்குச் சேர ஆசை, ஆனால் கண் மங்கல்.

"அடுத்த வருஷம் நான் இருக்கணுமே" என்றார்.

"கவலைப்படாதீங்க அங்கிள், சொர்க்கத்துலயும் ஃபார்ம் இருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்; எனக்குத்தான் சுருக்கென்றது. மூன்று நாள் லைப்ரரியில் உட்கார்ந்து, பழைய சர்ச் ரெஜிஸ்டரைப் பார்த்து எட்டுத் தலைமுறையையும் எழுதி வந்தேன்.

புதன்கிழமை பூதக்கண்ணாடியோடு என் நோட்டைப் பார்த்தவருக்கு முகம் வெளுத்தது. "இதுல ஒரு டுவால்கூட இல்லையே!"

"எல்லாருமே டுவால்தானே அங்கிள், எதுக்கு வீணா எழுதிக்கிட்டு?"

"இந்த ஜே. பியர் யாரு?"

"ஜான் மகன் பியர். அப்பா பேர் இனிஷியல்."

அடுத்தது பி. ஆபிரகாம், ஏ. டேனியல். அவருடைய முன்னோர் அத்தனை பேரையும் எங்கள் ஊர் ரேஷன் கார்டில் ஏற்றிவிட்டிருந்தேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி ஓடினேன். டுவால், டுவால், டுவால் என்று எழுதிக் கை வலித்தது. வெள்ளிக்கிழமை தபால் போயிற்று. போஸ்ட் ஆபீஸ் வாசலில் கிழவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன் லாஸ்ட் நேம் செல்வராஜ். உன் அப்பாவோடது?"

"மரியதாஸ். எங்க தாத்தா பேர்."

"உனக்குப் பையன் பொறந்தா?"

"என் பேர். ஜெரோம்."

"அப்போ முந்நூறு வருஷம் கழிச்சு உன்னை எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?"

காருக்குள் உட்கார்ந்து நாகர்கோவிலில் இருக்கும் நண்பன் சேவியருக்கு மெசேஜ் போட்டேன்: "நம்ம கோயில் ரெஜிஸ்டர்ல என் பேர் இருக்கான்னு பாருடா, அவசரம்."

பதில் வந்தது: "உனக்கு ரெஜிஸ்டர் எதுக்குலே, ஞானஸ்நானத்துல ஃபாதர் அங்கியை நனைச்சவன்னு சொன்னா ஊரே உன் வீட்டைக் காட்டும்."