அந்த ஓரிரு இடம் யார் தோட்டம்?

வானிலை சொல்லிப் பிழைக்கிற வேலையில் ஒரு விசேஷம்: சொன்னபடி மழை வந்தால் புண்ணியம் சாமிக்கு, வராவிட்டால் திட்டு எனக்கு. பத்துப் பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டு, அது நடக்குமா நடக்காதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜீவன்களே, நீங்கள் எந்த உத்தியோகத்தில் இருந்தாலும் என் பங்காளிகள்தான்.

என் ஆபீஸ் கணபதி என்கிற பேட்டையில், லேத் பட்டறைகளின் சத்தத்துக்கு நடுவே ஒரு மாடியறை. தொண்டாமுத்தூர் பக்கத்து விவசாயிகளின் போனுக்கு வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், மழை வெயில் காற்று பற்றிச் செய்தி அனுப்புவோம். "அனுப்புவோம்" என்றால் நானும், மழைமானிகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வமும். அவ்வளவுதான் எங்கள் படை.

மேசை மேல் ஒரு மூட்டை

வேலைக்குச் சேர்ந்த புதிது. "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று பெருமையாக எழுதி அனுப்பினேன். பிழையே இல்லாத வாக்கியம். மழையும் ஓரிரு இடங்களில்தான் பெய்தது.

மூன்றாம் நாள் ருக்குமணி அக்கா மாடியேறி வந்தார். ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தவர். பிடுங்கி வயலிலேயே காயப்போட்டிருந்த வெங்காயத்தின் மேல் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கொண்டுவந்த சாக்கை என் மேசை மேல் கவிழ்த்தார். அழுகிய நாற்றம் குப்பென்று அடித்தது. எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. அக்கா கத்தவில்லை, அதுதான் இன்னும் கொடுமை.

"ஏனுங்க அம்மணி, அந்த ஓரிரு எடம் எங்க தோட்டந்தான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, பொறுத்துப் புடுங்கியிருப்பனுங்களே!"

நாற்பது சதம் தண்ணீர்

சரி, இனி துல்லியமாகச் சொல்வோம் என்று சதவீதத்தில் இறங்கினேன். "நாளை மழைக்கு அறுபது சதம் வாய்ப்பு." எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மறுநாள் ஒரு சொட்டு இல்லை.

தக்காளி போட்டிருந்த ஒரு பெரியவர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான்.

"நீங்க அறுபது சதம் மழைன்னீங்க, அதனால நாப்பது சதம் தக்காளிக் காட்டுக்கு மட்டும் தண்ணி கட்டிப்போட்டு மிச்சத்தை மழைக்கு உட்டுட்டனுங்க, அந்த அறுபதும் வாடிக் கெடக்குதுங்களே!"

காப்பிக்கு முன்னால் மழை

தொண்டாமுத்தூரில் கூட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டேன். எப்படிச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று கேட்டதற்கு ருக்குமணி அக்காதான் எழுந்தார். "பேயுமா பேயாதாங்கிறது உங்க பாடுங்க. பேஞ்சா எனக்கு என்ன போகும், பேயாட்டி என்ன போகும்னு பாத்து முடிவெடுக்கறது எம்பாடு. அதுக்குத் தோதாச் சொல்லுங்க." நான் படிப்பெல்லாம் படித்து, பட்டமெல்லாம் வாங்கி, எழுதத் தெரியாமல் திணறியதை அந்த அம்மாள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

அன்றிலிருந்து செய்தியை மாற்றினோம். "இந்த மாதிரி மேகம் பத்துத் தடவை கூடினால் ஏழு தடவை பெய்யும். பிடுங்கிய காய் வயலில் இருந்தால் ஆபத்து. பிடுங்காதவர்கள் மழைக்கு முந்திப் பிடுங்கிச் சேர்த்துவிடலாம்." அதோடு, எந்தப் பக்கம் எவ்வளவு பெய்கிறது என்று தெரிய, அக்காவின் தோட்டத்தில் ஒரு மழைமானியும் வைத்தோம். காலை எட்டரைக்கு அளந்து சொல்ல வேண்டும். ஒருநாள் பத்து நிமிடம் முந்தியே அழைத்துவிட்டார். என்ன அவசரம் என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரர் காப்பி காப்பின்னு நிக்கறாருங்க, மழையளந்து அம்மணிக்குச் சொன்னப்பறந்தான் அடுப்புன்னு சொல்லிப்போட்டேன்!"

சுள்ளென்று ஒரு ஞாயிறு

அடுத்த ஐப்பசி. அக்காவின் வெங்காயம் மறுபடி முற்றி நின்றது. இந்த முறையும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பிடுங்குகிற ஆட்கள் திங்கட்கிழமைக்குச் சொல்லியாயிற்று.

செவ்வாயன்று எங்கள் செய்தி போனது: "ஞாயிறு மாலையிலிருந்து கனமழை, பத்துக்கு ஏழு." அக்கா யாரையும் கேட்கவில்லை. ஆட்களைக் கெஞ்சிக் கூத்தாடி வியாழனுக்கே வரவைத்தார். மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஞாயிறு காலையில் பட்டறை கட்ட ஆரம்பித்தார். மூங்கிலும் தென்னங்கீற்றும் வைத்து, மழை இறங்காமல் வெங்காயத்தைச் சேர்த்துவைக்கிற ஏற்பாடு அது. அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஆறு பேர் பிடுங்கினார்கள். மற்றவர்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள்.

ஞாயிறு மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. மேகம் என்ற பெயருக்கு ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. விடுமுறை நாளில் ஆபீசுக்கு வந்து நானும் செல்வமும் ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

செல்வம் மெல்லத் தொண்டையைச் செருமினார். "மேடம், மதுக்கரையில எங்க சித்தி ஊடு காலியாத்தானுங்க கெடக்குது, ஒரு மாசம் அங்க போயி இருந்துக்கறீங்களா?"

எட்டரை மணி போன்

மூன்றரைக்கு மேற்கே மலை கறுத்தது. நாலு மணிக்கு எங்கள் தகரக் கூரையில் ஆரம்பித்தது பாருங்கள், அடேயப்பா! செல்வம் அறைக்கு வெளியே மொட்டை மாடிக்கு ஓடி நனைந்துகொண்டே ஆடினார். நானும் ஆடினேன், வெட்கமென்ன! ஆனால் அக்காவுக்குப் போன் போகவில்லை. அந்தப் பக்கம் டவரே இல்லை. கடைசிக் கூடை வரை உள்ளே போயிற்றா, கீற்று வேய்ந்து முடித்தாரா, ஒன்றும் தெரியாமல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சரியாக எட்டரைக்கு மணி அடித்தது. "எழுபத்திரெண்டு மில்லிமீட்டருங்க அம்மணி!" 

"அது கெடக்கட்டும்க்கா, வெங்காயம்?" 

"ஒரு காயி நனையலீங்க. மூணு மணிக்கே கீத்துப் போட்டு முடிச்சாச்சு. குத்தகை பேச வந்தவருக்கு நேத்தே காப்பி குடுத்து அனுப்பிச்சுப்போட்டேன்." நான் நன்றி சொன்னேன். அக்கா சிரித்தார்.

"நீங்க சொன்னீங்க, நான் புடுங்கினேன், மழை பேஞ்சுது, மூணு பேருமே அவங்கவங்க வேலையச் சுத்தமாச் செஞ்சுபோட்டமுங்க!"

ஊரே குடையைத் தேடி ஓடும்போது மாடியில் நின்று கைதட்டுகிற உத்தியோகம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.