முதலில் சீனித்தாயைக் கூப்பிடு

சீனித்தாய் அத்தைக்குக் கருநாக்கு என்று எங்கள் குடும்பத்தில் பேச்சு. அப்பாவின் தங்கை. அவள் கெட்டுப்போகும் என்று சொன்னது கெட்டுவிடும் என்பது உறவுக்காரர்களின் நம்பிக்கை. யார் புது வீட்டில் பால் காய்ச்சினாலும் அவளை எல்லாம் முடிந்த பிறகு மதியச் சாப்பாட்டுக்குத்தான் அழைப்பார்கள்.

என் அம்மா இந்துமதி மட்டும் எதைத் தொடங்கினாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவாள்.

அம்மா பிறந்தது சாத்தான்குளம். அப்பா இறந்த மறுவருடம், தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் லாரி டிரைவர்களுக்கு ஒரு மெஸ் தொடங்க நினைத்தாள். எல்லாம் நன்றாக நடக்கும் என்று நம்ப அவளுக்குக் காரணம் தேவையில்லை. இடம் பார்த்த அன்றே பெயர்ப்பலகைக்கு நிறம் யோசித்துவிட்டாள். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அத்தையை ஆட்டோவில் கூட்டிவந்து நிறுத்தினாள்.

“குத்தம் சொல்லு சீனி.”

அத்தை இடத்தை ஒரு சுற்று சுற்றினாள். “லாரியை எங்கன நிறுத்துவான், உங்க தலையிலயா? மழை பெஞ்சா ரோட்டுத் தண்ணி பூரா அடுப்படிக்குத்தான் வரும். பொம்பளை தனியா நடத்துத கடைக்கு எவன் வருவான் மைனி?”

“மொத ரெண்டும் சரி. மூணாவது உன் வாய்க்கொழுப்பு.”

பக்கத்துக் காலிமனையையும் வாடகைக்குப் பேசினாள். அடுப்படியை மேடாக்கினாள். மூன்றாவதை அங்கேயே விட்டுவிட்டாள். உப்பு லாரிகளும் கன்டெய்னர் லாரிகளும் வந்து நின்றன. அந்த ஐப்பசி மழையில் அந்த வரிசையில் அடுப்பு எரிந்தது எங்கள் கடையில்தான்.

நான் அனல்மின் நிலையத்தில் கருவிகளைச் சரிபார்ப்பவள். மீட்டர் காட்டுவது உண்மையா என்று பார்ப்பது என் வேலை. அத்தையை வைத்து அம்மா செய்தது எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள்.

இந்தத் தையில் அம்மாவுக்குக் குடலில் கட்டி. ஒரு ஆபரேஷன் முடிந்தது. ஆனியில் பார்த்தால் ஈரலுக்குப் பரவியிருந்தது. மதுரையில் இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். என்னைத் தனியே அழைத்து மீதியையும் சொன்னார். அதை அம்மாவிடம் சொல்ல ஜெயகணேஷ் மாமா விடவில்லை. அம்மாவின் தம்பி.

“பாசிட்டிவா மட்டும் பேசு பிரியா. பாதி வியாதி மனசுலதான் இருக்கு.”

அத்தை ஆஸ்பத்திரிப் பக்கமே வரக்கூடாது என்றதும் அவர்தான்.

சம்மதம் சொல்ல வேண்டிய நாளன்று அம்மா, “சீனியைக் கூப்பிடு” என்றாள்.

“அக்கா, அவ வாயில வெளங்காத பேச்சுதான் வரும்.”

“அதுக்குத்தாம்ல கூப்பிடுதேன்.”

ஸ்கூட்டரில் போய் அழைத்துவந்தேன்.  அத்தை கட்டிலருகே நின்று அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்தாள். மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்தாள்.

“குத்தம் சொல்லு சீனி. ஆபரேஷன் பண்ணவா, வேண்டாமா?”

“ஒண்ணும் ஆகாது மைனி. ஆவணியில கடையில நின்னு பரோட்டாக்காரனை ஏசிக்கிட்டு இருப்பிய, பாருங்க.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நீ எனக்கு ஒரு நல்ல வாக்கு சொன்னதில்ல. அவ்வளவு மோசமாவா இருக்கேன்?”

தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி அத்தை பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு. டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?”

சொல்லாதே என்று மாமா கண்ணைக் காட்டினார். நான் சொன்னேன். ஆபரேஷன் செய்தால் பத்தில் மூன்று பேர் தேறலாம். ஆபரேஷன் நடக்கும்போதே உயிர் போகவும் கூடும். செய்யாவிட்டால் சில மாதம், வலியோடு, வீட்டில்.

“அந்த மூணு பேரும் என் வயசா, இளவட்டமா?”

“பெரும்பாலும் சின்ன வயசும்மா.”

“என்னை மாதிரி சுகர் உள்ளவங்களா?”

“சுகர் இருந்தா அந்த மூணும் கொறையும்.”

 அம்மா சொன்னாள்: “சரி, பண்ணுவோம். மூணுல ஒருத்தியா நான் இருக்கக் கூடாதா? கடைச் சாவியை சீனிகிட்ட குடு. நான் வந்தா வாங்கிக்கிடுதேன். வரலைன்னா அவ நடத்தட்டும்.”

அம்மா மதுரையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

சுடுகாட்டில் மாமா என்னிடம் பேசவில்லை. பதினாறாம் நாள் என் காதில் விழும்படி யாரிடமோ சொன்னார்: “அக்கா நல்ல தைரியமாத்தான் இருந்தா. பெத்த மகளே வாயால அனுப்பி வச்சுட்டா.” போன வாரம் அவர் மகன் கட்டும் வீட்டுக்கு வாசல் நிலை வைத்தார்கள். எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது.

சொல்லால் ஈரல் கெடாது. எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று என்று நான் சொன்னபோது என் குரல் எப்படி இருந்தது? அவளுக்கு மூன்றாகத்தான் கேட்டதா, அதைவிடக் குறைவாகவா? இதைச் சரிபார்க்க வழியில்லை. சொல்லாமல் அனுப்பியிருந்தால் என்று அந்தப் பக்கமும் மனசால் போய்ப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியாமல் அவள் ஆபரேஷன் அறைக்குள் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி வருகிறேன். மறுபடி போகிறேன். எந்தப் பக்கமும் உட்கார முடியவில்லை.