அழித்து எழுதிய ஞாயிற்றுக்கிழமை

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். மாதம் பிறந்ததும் அப்பா பென்சிலால் ஒவ்வொரு கட்டத்திலும் தன் சுரங்க ஷிஃப்டை எழுதிவைப்பார். காலை என்றால் ஏ, மதியம் பி, இரவு சி. ஆஃப் நாளுக்கு ஒரு வட்டம். எங்கள் பிளாக்கில் மற்ற பிள்ளைகள் அப்பாவின் ஆஃப் எப்போது வரும் என்று காத்துக் கிடப்பார்கள். எனக்கோ அந்த வட்டத்தைக் கண்டாலே பிடிக்காது. வட்டம் என்றால் அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க ஒரே வீட்டில்.

நேருக்கு நேர் பேசினால் சண்டை. மற்ற நேரமெல்லாம் நான்தான் தபால்காரி. "உங்கப்பாவச் சாப்புட வரச் சொல்லு." "பசிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இருவருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. எதற்காகச் சண்டை என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. புத்தகத்தை விரித்தால் ஒன்றும் மண்டையில் ஏறாது; காது பக்கத்து அறையிலேயே கிடக்கும். பள்ளிக்குப் போகும் வழியில் தெருமுனைப் பிள்ளையாரிடம் தோழிகள் மார்க் கேட்டார்கள். நான், அப்பாவுக்கு ஆஃபே வரக்கூடாது என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு வேண்டுதலா! யாரிடம் போய்ச் சொல்வது?

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் ஞாயிறு. கட்டத்தில் வட்டம். பிள்ளையாரை நம்பிப் பயனில்லை என்று சனிக்கிழமை சாயங்காலம் ரப்பரால் அதை அழித்துவிட்டு, ஏ என்று எழுதினேன். மறுநாள் விடியற்காலை அப்பா காலண்டரைப் பார்த்தார். சீருடையை மாட்டிக்கொண்டு, அம்மா கட்டிவைத்த டிபன் கேரியரோடு கிளம்பிப் போனார். இரண்டு மணிக்கு மேல்தான் திரும்பினார். ஆள் பற்றாமல் வேலை கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீடு அமைதியாக இருந்தது, கணக்கும் வந்தது. ஆனால் அதன்பிறகு பிள்ளையாரைத் தாண்டும்போது கை கூப்ப வரவில்லை. பெற்ற அப்பாவையே ஏமாற்றி வெளியே அனுப்பியவளுக்குச் சாமி ஒரு கேடா?

அப்பா ஓய்வு பெற்று, இப்போது பண்ருட்டியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். அம்மா என்னோடு. போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது, காலண்டரில் வட்டத்தை அழித்து ஏ எழுதியது நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அப்பா சிரித்தார்.

"அப்பவே பத்து வருஷமா ஷிஃப்ட் பாத்தவனுக்கு ஆஃப் எப்பன்னு தெரியாதா? அதுவும் கோழி கிண்டின மாதிரி உன் எழுத்து."

"அப்புறம் ஏம்ப்பா போனீங்க?"

"புள்ளைக்குப் பரீட்சையாச்சே. பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்துகினு இருந்தேன். கையில சோறு இருந்துச்சு."

எட்டு மணி நேரம், போகாத வேலைக்குச் சீருடை போட்டுக்கொண்டு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பினால் சுவரில் மாதக் காலண்டர். ஒரு கட்டத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பென்சில் கேட்டு வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வட்டம் போட்டேன். அன்றைக்கு வருகிறேன் என்றேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் வூட்ல இருக்கலாமா?" என்று கேட்டார்.