ராக்கெட் கட்சியும் ரோடு கட்சியும்

இன்னைக்குப் பெண் பார்க்கத் தேவாரம் ஊருக்குப் போனேன். போடி பஸ்ஸில் பக்கத்து சீட் பெரியவர் பேப்பரைக் காட்டிப் பொரிந்து தள்ளினார்.

"ரோடெல்லாம் குண்டும் குழியுமா கெடக்கு. கவர்மெண்ட்டு நிலாவுக்கு ராக்கெட் விடுறாகளாம்!"

"ரெண்டும் வேணும்ங்க," என்றேன்.

"வெளிநாட்டுல பணக்காரக டிக்கெட் எடுத்தே வானத்துக்குப் போறாக. இங்கனயும் தனியார்கிட்ட விட்டா என்னவாம்?"

"அப்ப சாட்டிலைட் விட்டுப் புயல் வர்றத நமக்கு யாருங்க சொல்லுவா?"

இறங்கும் வரை சண்டைதான்.

தனியாக வந்த என் வீட்டாரும் சேர்ந்ததும் பெண் வீட்டுக்குப் போனால், நடுக்கூடத்தில் அதே பஸ் பெரியவர்! பெண்ணின் தாய்மாமா. நான் அவசரமாக ஒரு கும்பிடு போட்டேன். அவரோ பஸ் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

காப்பி கொண்டுவந்த பெண் சிரித்தாள். "நானும் ராக்கெட் கட்சிதான் மாமா. இத்தன நாளா இந்த வீட்டுல ஒத்தையில பேசிக்கிட்டு இருந்தேன்."

சம்பந்தம் முடிவாகிவிட்டது. மாமாவை மட்டும் இன்னும் சமாதானப்படுத்த முடியவில்லை. யோசனை சொல்லுங்கள், ரோடு கட்சிக்காரர்களும் சொல்லலாம்.