பின்சக்கரத்து உதை

என் மனைவியின் அண்ணனிடமிருந்து வாங்கிய அந்தப் பழைய டீசல் காரை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. வண்டி மேல் கோபமில்லை. இரும்புக்கு என்ன தெரியும்? அதைச் சுற்றி நின்று பேசிய மனிதர்களை நினைத்துத்தான் குமட்டல். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் செம்பட்டியில் உரக்கடை வைத்திருந்தேன். மனைவிக்கு ஐந்தாம் மாதம். முன்பு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இந்தத் தடவை குலுக்கலே ஆகாது, பஸ் கூடவே கூடாது என்று திண்டுக்கல் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவரிடம் காட்ட வேண்டும். அதற்காகத்தான் கார்.

மச்சான் எரியோட்டிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் பளபளவென்று கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். நான் குனிந்து ஒரு டயரைக்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டவுமில்லை. பெண் கொடுத்தவர் கொண்டுவந்த வண்டியைச் சோதித்துப் பார்த்தால் அது அவர் முகத்தில் அடித்த மாதிரி. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. சந்தையில் கத்திரிக்காயைப் பத்துத் தடவை புரட்டிப் பார்க்கிற ஆள் நான்.

முதல் பயணத்திலேயே சத்தம் வந்துவிட்டது. மெதுவாகப் போனால் தொப்பு தொப்பு என்று கேட்கும். வேகம் கூடினால் அதுவே ஒன்றாகச் சேர்ந்து ஊம் என்று இரையும். பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள ஒண்ணு உதைக்குது, கீழ ஒண்ணு உதைக்குதுங்க” என்றாள்.

“உனக்கு இப்ப எல்லாமே உதைக்கிற மாதிரிதான் இருக்கும்” என்றேன். நான்தான் சொன்னேன், இதே வாயால்.

மச்சானுக்குப் போன் போட்டேன். “ரோட்டுச் சத்தம் மாப்ள. பழைய வண்டின்னா செத்த பாடத்தான செய்யும்” என்று சிரித்தார். மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், பல் குத்திக்கொண்டே “பேரிங் போச்சு சார்” என்றார். பேரிங் மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது. திண்டுக்கல்லில் இன்னொருவர் சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கம்ப்யூட்டர் புதிதாக வாங்கி வைத்திருந்தார். பின்னால் வருகிற சத்தத்துக்கு அவர் முன்சக்கரத்தைத் திருகி, படம் போட்ட ஒரு தாளையும் கையில் கொடுத்தார். அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மூன்றாவது தடவை போய்வந்த அன்று மனைவிக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. சாயங்காலம் வரை பயந்து செத்தோம். வலி தானாக அடங்கியது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நான் தனியாக வண்டியை எடுத்தேன்.

ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில், ஓடுகிற ஓட்டத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை. வண்டியை இடதும் வலதுமாக லேசாக வளைத்து ஓட்டினேன். பாரம் மாறினால் பேரிங்கின் சத்தமும் மாறும், இது மாறவில்லை. பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, ஜாக்கி போட்டு, இடப்பக்கத்துப் பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் மாட்டினேன். முன்சக்கரம் பின்னால் போயிற்று. கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ஸ்டியரிங் என் கையில் வெடவெடவென்று ஆடியது. உதை சக்கரத்தோடு கூடவே வந்துவிட்டது.

செம்பட்டி முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் டயரைக் கழற்றினார். உள்ளே கையை விட்டுத் தடவியவர் முகத்தைச் சுளித்தார்.

“சார், கெய்ட்டர் வச்சிருக்கு.”

வெட்டு விழுந்த டயருக்குள், பழைய டயரில் அறுத்த உள்ளங்கை அகலத் துண்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பெயர்தான் கெய்ட்டர். டயர் அந்த இடத்தில் புடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டை ஒரு உதை உதைத்திருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் வெளிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். கருப்புப் பெயிண்டுக்குக் கீழே வெட்டு வாயைப் பிளந்தது.

“வேகமாப் போறப்ப வெடிச்சிருந்தா என்னாகும்? இதுலயா பிள்ளத்தாச்சிய ஏத்துனீக?” என்றார்.

பிய்த்தெடுத்த டயர்த் துண்டில் டியூப் பவுடரும் கருப்பு ஈரமும் அப்பியிருந்தன. அழுகல் நாற்றம் அடித்தது. பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்று டயரையும் கழற்றிப் பார்த்துவிட்டு, புது டயர் மாட்டி வீட்டுக்கு வந்து மச்சானுக்குப் போன் போட்டேன்.

“ஊருக்குள்ள ஓட்டத்தானன்னு நெனச்சேன் மாப்ள. அம்புட்டு வேகம் போவீகன்னு எனக்குத் தெரியுமா?”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தங்கச்சி எதற்காக அந்த வண்டியில் ஏறுகிறாள் என்பதும் தெரியும். போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

“அண்ணன் தெரிஞ்சு செஞ்சிருக்காதுங்க” என்றாள் மனைவி. நான் பேப்பரைப் பிரித்து அடுப்படி மேடையில் வைத்தேன். போனில் கேட்டதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அதில் எனக்கு ஒரு கேவலமான திருப்தியும் இருந்தது. அவள் அந்தத் துண்டை விரலால் தொட்டாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. முடிந்ததும் பிறந்த வீட்டார் தங்கள் வண்டியில் பெண்ணை அழைத்துப்போவது வழக்கம். மச்சான் வேறொரு கார் கொண்டுவந்திருந்தார். அதுவும் கை மாறி வந்ததுதான். சந்தனம், குங்குமம், நாலு டயரிலும் கருப்புப் பெயிண்ட். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஏறுத்தா” என்றார்.

கை நிறைய வளையலோடு வந்த மனைவி அவரைத் தாண்டி நடந்து, எங்கள் பழைய காரில், அதே இடப்பக்கத்துப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சொந்தபந்தம் மொத்தமும் வாசலில் நின்றது. மச்சான் முகம் கறுத்துவிட்டது.

“என்னத்தா, அண்ணன் வண்டியில வர மாட்டியா?”

“இந்த வண்டி டயர கழட்டிப் பாத்தாச்சுண்ணே” என்றாள். “உன் வண்டி டயர யாரு பாத்தா?”