தெளிவில்லை

என் ஓர்ப்படியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? என் கணவரின் தம்பி மனைவி அவள். மலையாள தேசத்து வலியசாலையில் ஒரே வீடு. மாடியில் அவர்கள், கீழே நாங்களும் மாமனாரும். அவள் வாயைத் திறந்தால் வீடே காது கொடுக்கும். நான் திறந்தால் யாராவது குக்கரை அணைக்க எழுந்து போய்விடுவார்கள்.

கொரோனா வந்தபோது எனக்கு ஒரு நப்பாசை. இனி என்னைக் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு இருமல் மருந்துகூட உள்ளே போகாது என்று நினைத்தேன். என் வேலையே அதுதானே! வெளிவருகிற மருத்துவ ஆய்வுகளைப் படித்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று தரம் போடுகிற சின்னக் குழு எங்களுடையது. எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாதவர்கள் இருந்தார்களா, பாதியில் விலகியவர்களை என்ன செய்தார்கள் என்று நோண்டி நோண்டிப் பார்த்து, மலையாளத்தில் ஒரு சுருக்கம் எழுதுவோம். அந்த நாட்களில் பெரும்பாலும் ஒரே முடிவுதான்: தெளிவு குறைவு. மலையாளத்தில் தெளிவு என்றால் சான்று. நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி, வீட்டுத் தமிழிலும் அந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்போது மலேரியாவுக்கான ஒரு பழைய மாத்திரையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. அதைச் சாப்பிட்டால் நோய் அண்டாதாம். ஓர்ப்படி எங்கெங்கோ சொல்லிவைத்து, சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு அட்டை வரவழைத்துவிட்டாள். யாருக்கு? மாமனாருக்கு. இதயத் துடிப்பு சீராக இருப்பதற்கே மருந்து சாப்பிடுகிற மனிதர் அவர். அந்த மாத்திரையோ துடிப்பைக் குழப்பக்கூடியது.

"அப்பா, இது கண்டிப்பாக் கேக்கும். என் ஃப்ரெண்டாத்துல எல்லாரும் சாப்ட்டா. ஒருத்தருக்கும் வரலை கேட்டேளா" என்று காபியோடு அட்டையையும் நீட்டினாள்.

"வேண்டாம்ப்பா. இதுக்குத் தெளிவில்லை" என்றேன்.

என் கணவர் சிரித்துவிட்டார். "பாருங்கோ, அவளே தெளிவில்லைங்கறா!"

"அப்போ விடுங்கோ மன்னி, எனக்கு நன்னாத் தெளிவாயிருக்கு" என்றாள் அவள்.

நான் சொன்னது சான்று இல்லை என்று. அவர்கள் காதில் விழுந்தது எனக்குப் புரியவில்லை என்று! பதறிப்போய் விளக்கினேன். "கேக்காதுன்னு சொல்லலை. கேக்குமா கேக்காதான்னு இன்னும் யாருக்கும் தெரியாதுன்னு சொல்றேன். ஆனா ஹார்ட்டுக்கு ஆகாது."

"அப்போ கேக்கவும் செய்யலாம், அல்லே?" என்றாள்.

செய்யலாம்தான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு நொடி நான் தயங்கியதே போதும், வீடு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. மாமனார் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் காலையில் மாடிப்படியிலிருந்து அவள் குரல் வரும். "அப்பா, மாத்திரை ஆச்சா?" மாமனாரும் "ஆச்சும்மா" என்பார், அப்படி ஒரு வாஞ்சையோடு. ஏதாவது சாக்கு வைத்து அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் தோற்க வேண்டுமே என்கிற பாழாய்ப்போன ஆசை. அந்த மாத்திரை பற்றிய ஆய்வு என் மேஜைக்கு வந்தபோது, "எனக்கு இதுல சொந்த விரோதம் இருக்கு, நீயே தரம் போடு" என்று குழுவில் என் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டேன். அவளும் 'தெளிவு குறைவு' என்றுதான் போட்டாள்.

சில மாதங்களில் நல்ல ஆய்வுகள் வந்தன. மாத்திரை நோயைத் தடுக்கவில்லை. படித்ததும் எனக்கு என்ன வந்திருக்க வேண்டும்? மாமனாரை நினைத்துப் பதற்றம். வந்தது சந்தோஷம். சீ, என்ன ஜன்மம் நான்! காகிதத்தை அச்செடுத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் படிக்கவேயில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"முப்பது வருஷம் இந்த ஊர்க் கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்காக்கும் நான். தெளிவுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தெளிவில்லாத கேஸ் நிக்காது. நீ சொன்ன அன்னிக்கே வேண்டாம்னு வெச்சுட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை பேரில் ஒருவர், நான் சொன்னதை நான் சொன்னபடியே கேட்டிருக்கிறார்.

"அப்புறம் ஏன்ப்பா வாராவாரம் ஆச்சு ஆச்சுன்னேள்?"

"ஆசையா வாங்கிண்டு வந்தாளே. வேண்டாம்னா முகம் வாடிப்போயிடும், பாவம்."

"அப்போ நான்?"

"நீ தாங்கிப்பே" என்றார், காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்து.

அன்று ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, மாடிப்படியில் காலடி கேட்டது. "அப்பா, மாத்திரை ஆச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடாதே என்கிற பார்வை.

"ஆச்சும்மா" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வார்த்தையை நம்பித் தன் உயிரையே வைத்திருந்தவர்தான். ஆனால் என் முகம் வாடிவிடுமே என்று இந்த வீட்டில் யாரும் இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. வயிறு எரிந்தது.