காஞ்சிபுரத்துக்கு விடுமுறை

எங்கள் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். முதல்வர் சொல்வார், நான் ஆசிரியர், அலுவலர் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். மதிப்பெண்களை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றிவிடுங்கள், வருமான வரிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள், வண்டியை சேப்பல் வாசலில் நிறுத்தாதீர்கள். முதலில் அறிவிப்பு என்று போடுவேன். ஒருவரும் அசைய மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து நினைவூட்டல். அதற்கும் அசையாவிட்டால் இறுதி நினைவூட்டல். இயற்பியல் துறைத் தலைவர் ஒருநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொன்னார், இறுதி நினைவூட்டலுக்கு அடுத்து வரும் நினைவூட்டலைத்தான் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வாராம். எல்லோரும் சிரித்தார்கள். மாணவன் அசைன்மென்ட்டை ஒருநாள் தாமதமாகக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று சொல்கிற மனிதர்! எனக்கு வந்த கோபத்தில் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அறிவிப்பில் பிழை இருக்காது. தேதி, கிழமை, நேரம், அறை எண் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்காமல் அனுப்ப மாட்டேன். மற்றவர்கள் ஃபார்வர்டு போட்டால் பத்துப் பேர் "இது உண்மையா?" என்று கேட்பார்கள். நான் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கொஞ்சம் தலைக்கனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் வந்துவிட்டால் என் பாடு பெரும்பாடு. "மேடம், நாளைக்கு லீவா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். நான் என்ன கலெக்டரா? மாவட்ட நிர்வாகம் விடிகாலையில் அறிவிக்கும், டிவியில் கீழே ஓடும், அதைப் பார்த்து நான் போட வேண்டும். இதில் எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தாம்பரம், சிட்லபாக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அது சென்னைதான். கடிதத்திலும் சென்னை என்றுதான் போடுகிறோம். ஆனால் சென்னைக்கு விடுமுறை விட்டால் எங்களுக்குக் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். பல வருடம் அப்படித்தான் இருந்தோம். பிறகு பிரித்து எங்களைச் செங்கல்பட்டு ஆக்கினார்கள். அலுவலக முத்திரை எல்லாவற்றையும் மாற்றிச் செய்ய நான்தான் கடைக்கு நடையாய் நடந்தேன். இருந்தும் என்ன பயன்? தபால் முகவரியில் சென்னை, ரேஷன் கார்டில் செங்கல்பட்டு, என் மூளைக்குள் மட்டும் இன்னமும் காஞ்சிபுரம்.

ஒரு மழை நாளில் நடந்ததை எழுதுவதற்கு முன் கணிதத் துறையில் இருந்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூனிலும் அவருக்குப் புது நியமனக் கடிதம் அடிப்பது நான். ஒவ்வொரு ஏப்ரலிலும் அது முடிந்துவிடும். கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புது லேஅவுட்டில் வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். மாணவர்களுக்கு அவர் என்றால் உயிர். என் அறிவிப்புக்கு முதல் நாளே வேலையை முடித்துக் கொடுக்கிற ஒரே ஆளும் அவர்தான், அதனால் எனக்கும் பிடிக்கும்.

அந்தத் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது. அது போனால் அடுத்த இடம் காலியாக ஏழெட்டு வருடமாவது ஆகும். முன்பு இரண்டு தடவை இப்படி நேர்முகத் தேர்வுக்குப் போயும் அந்த ஆசிரியைக்குக் கிடைக்கவில்லை. இது மூன்றாவது தடவை. ஆறு பேரை அழைத்திருந்தோம். காலை பத்து மணிக்கு, முதல்வர் அறையில்.

முந்தின நாள் மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு ஜெபம் முடித்து டிவியைப் போட்டேன். கீழே ஓடிக்கொண்டிருந்தது: காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. அப்பாடா என்று இருந்தது. போன தடவை போட்ட அறிவிப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினேன். "கனமழை காரணமாகக் கல்லூரிக்கு இன்று விடுமுறை. இன்றைய நிகழ்வுகள் அனைத்தும் ஒத்திவைக்கப்படுகின்றன." தேதியை இரண்டு முறை பார்த்தேன். கிழமையையும் பார்த்தேன். அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் கும்பிடு கைகளும் பூங்கொத்துகளுமாக வந்து குவிந்தன. இயற்பியல்காரர்கூட அன்றைக்கு உடனே பார்த்துவிட்டார்.

ஆறேகால் மணிக்குக் கணவருக்குக் காபி கொண்டுபோனேன். இன்றைக்கு எனக்கு லீவு என்றேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காஞ்சிபுரத்துக்குத்தானே விட்டிருக்கான், உனக்கு என்ன? நாம செங்கல்பட்டு ஆச்சே."

ஆண்டவரே! போட்டதை அழித்தேன். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு விடுமுறை இல்லை, கல்லூரி வழக்கம் போல நடக்கும், நேர்முகத் தேர்வும் நடக்கும் என்று புதிதாகப் போட்டேன். பிறகு முக்கால் மணி நேரம் எனக்கு அர்ச்சனைதான். திரும்பத் தூங்கப் போனவர்கள், பிள்ளைகளுக்குச் சமைக்காமல் இருந்தவர்கள், எல்லோரும் அழைத்தார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அது ஓய்ந்த பிறகுதான் அந்தக் கணித ஆசிரியை ஞாபகம் வந்தது. தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை. அழைத்தேன், ஸ்விட்ச் ஆஃப். எட்டு மணிக்குக் கல்லூரிக்குப் போய் அவருடைய கோப்பை எடுத்துக் கணவர் எண்ணைப் பிடித்தேன். அவர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர், உள்ளே ஃபோன் கொண்டுபோக விட மாட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்பது மணிக்கு மற்ற ஐந்து பேரும் குடையோடு வந்து வராண்டாவில் உட்கார்ந்துவிட்டார்கள். நாவலூரிலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார். அவர்கள் வெளியாட்கள், எங்கள் குழுவில் இல்லாதவர்கள், என் அறிவிப்பைப் படிக்காதவர்கள். எங்கள் ஆளாக இருந்ததால் ஒருத்தி மட்டும் வரவில்லை.

முதல்வரிடம் போனேன். அவர் காலையில் ஊரிலிருந்து நேராக வந்து இறங்கியவர், குழுவைத் திறந்தே பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. கூடுவாஞ்சேரி பக்கம் தெருவில் தண்ணீராம், கணித ஆசிரியை வரக் கொஞ்சம் தாமதமாகும், கடைசியாக அழைக்கலாமா என்று கேட்டேன். பன்னிரண்டுக்குள் வந்தால் பார்க்கலாம் என்றார். அந்தப் பக்கம் தண்ணீர் நிற்பதைக் காலையில் டிவியிலேயே காட்டினார்கள், அதனால் பொய் இல்லை. ஆனால் என் பெயர் அதில் இல்லை.

கோப்புகளை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு மின்சார ரயில் ஏறினேன். இருபத்தாறு வருடத்தில் வேலை நேரத்தில் அலுவலகத்தை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. கூடுவாஞ்சேரியில் ஆட்டோ கிடைத்தது. லேஅவுட் முனையில் ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். "இதுக்கு அந்தாண்ட வண்டி போவாது மேடம். ஓரமா புடிச்சிகினு நடந்து போங்க, நடுவுல பள்ளம் கீது" என்றார். முழங்கால் வரை தண்ணீர். என்னென்ன மிதந்தது என்று எழுதப்போவதில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் கலெக்டர், இந்தக் கலெக்டர், மாவட்டத்தைப் பிரித்தவர்கள், எல்லோரையும் திட்டிக்கொண்டே நடந்தேன். கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் நானே மிஞ்சினேன்.

வாசல் படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரோ செத்துப்போன சேதி என்று நினைத்திருப்பார் போல, முகம் வெளிறிவிட்டது.

இன்டர்வியூ நடக்கிறது, உடனே கிளம்பு என்றேன்.

"லீவுன்னு நீங்கதானே மேடம் போட்டீங்க? இங்க ராத்திரிலேர்ந்து கரண்ட் இல்ல. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு நம்பி, சார்ஜ் போயிடப்போகுதேன்னு ஃபோனை அணைச்சு வெச்சுட்டேன்."

அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் தோசைத் தட்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டார். பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இஸ்திரி போட்டு வைத்திருந்த புடவையை ஒரு பிளாஸ்டிக் கவரிலும் சான்றிதழ்களை இன்னொரு கவரிலும் கட்டினார். சான்றிதழை அவர் தலையில் வைத்துக்கொண்டார், புடவையை நான் வைத்துக்கொண்டேன். இருவரும் தண்ணீரில் இறங்கினோம்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, பழக்கமில்லை. என் மேல் கோபமா என்று மட்டும் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "கோபம் இல்ல மேடம். காலைல உங்க மெசேஜைப் பாத்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இன்னைக்கு ஒரு நாளாவது தோக்க வேணாம்னு."

ஊரப்பாக்கம் தாண்டியது, வண்டலூர் தாண்டியது. எத்தனை ஜூன்களில் இந்தப் பெண்ணுக்குக் கடிதம் அடித்து, கையெழுத்து வாங்கி, "அடுத்தது" என்று கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது உட்காரச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

பெண்கள் ஓய்வறையில் புடவை மாற்றிக்கொண்டு அவர் முதல்வர் அறைக்குள் போனபோது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்க நானும் உள்ளே போக வேண்டும். முதல்வர், செயலாளர், வெளியிலிருந்து வந்த நிபுணர், மூன்று பேர். மற்றவர்கள் பத்து மணிக்கு வந்துவிட்டார்களே, இங்கேயே வேலை பார்க்கிற உங்களால் ஏன் முடியவில்லை என்று செயலாளர் கேட்டார்.

"தெருவுல தண்ணி சார். நான் இன்னும் முன்னாடியே கிளம்பியிருக்கணும். என் தப்புதான்" என்றார்.

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் காலில் இன்னும் காய்ந்த சேறு ஒட்டியிருந்தது. சான்றிதழ்களை மேசையில் வைத்தேன்.

"அவங்க தப்பு இல்ல சார். லீவுன்னு காலைல நான் தப்பா போட்டுட்டேன். அதை நம்பித்தான் அவங்க வீட்டுல இருந்தாங்க. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

முதல்வர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். நிபுணர் தலையை ஆட்டினார். செயலாளர் தன் முன்னால் இருந்த தாளில் எதையோ எழுதினார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பலகையில் சாக்பீஸ் சத்தம் கேட்டது, நடுவில் நிபுணர் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. எனக்குக் கணக்கு தெரியாது, ஆனால் அவர் குரல் நடுங்கவில்லை என்பது தெரிந்தது.

பத்து நாள் கழித்து நியமன ஆணை என் மேசைக்கு வந்தது. அதில் நாவலூர்க்காரர் பெயர் இருந்தது. நல்ல பையன், நிறையப் படித்தவன், அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மதியத்துக்குள் குழுவில் போட்டுவிடுங்கள் என்று முதல்வர் குறிப்பு எழுதியிருந்தார். நான் போடவில்லை. முதலில் அந்த ஆசிரியையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று இரண்டாம் மாடி ஏறினேன். வகுப்புக்குப் போக வருகைப் பதிவேட்டோடு படிக்கட்டில் நின்றார். சொன்னேன்.

பதிவேட்டின் ஓரத்தை நகத்தால் நெருடினார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு லேட்டா வந்ததாலயா மேடம்?"

செயலாளர் அந்தத் தாளில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"இல்லம்மா, அதனால இல்ல" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போனார்.